ஒரு கை மட்டும் இஸ்திரி போட்ட அங்கி

இப்போதெல்லாம் எங்கள் தெருவில் கரண்டு போனால் ஒருவர்கூட வெளியே வருவதில்லை. போவது என்னவோ முன்போலவேதான் போகிறது. ஆனால் போன கையோடு ஒரு வீட்டுப் பின்கட்டில் ஜெனரேட்டர் உறுமத் தொடங்கும். இன்னொரு வீட்டில், பகலெல்லாம் கூரைமேல் வெயில் காய்ந்த சோலார் பலகை விளக்குகளை எரிய வைக்கும். கதவுகள் மூடியபடியே இருக்கும். யார் வீட்டில் என்ன குழம்பு, யாருக்கு யாரோடு பேச்சு இல்லை, யார் மகளைப் பார்க்க யார் மகன் சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போகிறான், இது எதுவும் தெரியாமல் ஒரு மனுஷி எப்படித்தான் பொழுதைப் போக்குவது?

அந்தக் காலத்தில் எனக்கு இந்தக் கஷ்டம் இல்லை. நைஜீரியாவின் இபாடான் நகரில் எங்கள் நீள வீட்டில் நடுவே ஒரு நடை. இரண்டு பக்கமும் எதிரும் புதிருமாக அறைகள். அறைக்கு ஒரு குடும்பம். வாசலை ஒட்டிய அறை என்னுடையது. நான் லான்ரேயைப் பெற்றவள், அதனால் எல்லோருக்கும் இயா லான்ரே. பிள்ளை பெற்றவர்களைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற மரியாதைக்கேடு எங்களிடம் கிடையாது. மூத்த பிள்ளையின் பெயரைச் சேர்த்து, அப்பா என்றால் பாபா, அம்மா என்றால் இயா. வாசலில் உட்கார்ந்து வேகவைத்த வேர்க்கடலை விற்றேன். விற்காவிட்டாலும் அங்கேதான் உட்கார்ந்திருப்பேன் என்று சிலர் சொல்வார்கள். சொல்லட்டும்.

மழைக்கு முந்தின மாதங்களில் வெயில் ஏற ஏறக் கரண்டு இறங்கும். ஏன் போனது என்று ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தோம். அணையில் தண்ணீர் வற்றிவிட்டது என்பார் ரேடியோ கேட்பவர். டிரான்ஸ்ஃபார்மருக்குள் ஓணான் புகுந்து கருகிவிட்டது என்பாள் ஒருத்தி, தானே போய்ச் சடலத்தைப் பார்த்தவள்போல. மாமரக் கிளை காற்றில் ஆடிக் கம்பியை உரசியது, ரம்பம் போடும் மில்லில் புது மெஷின் இறக்கியிருக்கிறார்கள், ஊரில் எல்லோரும் ஐஸ் பெட்டி வாங்கிவிட்டார்கள் என்று அது பாட்டுக்குப் போகும். எல்லாமே உண்மைதான். ஆனால் எங்கள் வீட்டுக்கென்று சொந்தமாக ஒரு காரணம் இருந்தது. அதை மட்டும் யாரும் சொல்ல மாட்டோம்.

கரண்டு போகும்போது எது ஓடிக்கொண்டிருந்ததோ அதை ஒருவரும் அணைப்பதில்லை. அணைத்துவிட்டால் திரும்பி வந்தது எப்படித் தெரியும்? ஆகவே ஃபேன், பல்பு, ரேடியோ, காராமணி வேகவைக்கிற மின்சார அடுப்பு, எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு காத்திருக்கும். கரண்டு வரும். பிள்ளைகள் கூச்சல் போட்டுக் குதிப்பார்கள். ஒரே நேரத்தில் அத்தனையும் கரண்டை இழுக்கும். அந்தக் கூச்சல் அடங்குவதற்குள் வாசல் ஃபியூஸ் ‘டப்’ என்று போய்விடும். எதிர்ச்சாரி வீடுகளுக்கு வேறு கம்பி. அங்கே ஜகஜ்ஜோதியாக எரியும். நாங்கள் இருட்டில் உட்கார்ந்துகொண்டு மின்சாரக்காரர்களைத் திட்டுவோம்.

திட்டி முடித்ததும் பாய்கள் வாசலுக்கு வரும். கடலை வரும், கதை வரும். அந்த இருட்டில் எத்தனை சண்டைகள் தீர்ந்தன, எத்தனை புதிதாகப் பிறந்தன!

அந்த வீட்டின் நடுவறையில் இருந்தவர் பாபா இபிதுன். கோகோ மூட்டைகளைத் தரம் பார்க்கிற அரசாங்க வேலை. மூட்டைக்குள் கை விட்டு, கொட்டையை எடுத்து, கத்தியால் பிளந்து, பூசணம் பார்த்து, முதல் தரம், இரண்டாம் தரம் என்று முத்திரை குத்துவார். வீட்டுக்கு வந்தும் அந்தக் கை சும்மா இருக்காது. என் வேர்க்கடலையைக்கூடப் பிளந்து பார்த்துத்தான் வாயில் போடுவார். “இரண்டாம் தரம்” என்பார். அதையும் பொட்டலம் காலியான பிறகுதான் சொல்வார்.

அவருடைய மூத்த மகள் இபிதுன். நர்ஸ் படிப்புக்கு அவர் நாலு பேரைப் பார்த்து இடம் வாங்கி வைத்திருந்தார். அவள் பாதியில் விட்டுவிட்டு டெலிவிஷன் நிலையத்தில் ஏதோ எடுபிடி வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். அன்று சாயங்காலம் இவர் நடையின் நடுவில் வந்து நின்று, வீடு முழுக்கக் கேட்கிறாற்போல் அறிவித்தார்.

“இன்னையிலேருந்து யாரும் என்னை பாபா இபிதுன்னு கூப்பிடக் கூடாது. எனக்கு லேகான்னு ஒரு பையனும் இருக்கான். நான் பாபா லேகான். அந்தப் பொண்ணு இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது, அவ்வளவுதான்.”

விடுதியில் படித்துக்கொண்டிருந்த லேகானுக்கு இப்படி ஒரு பதவி உயர்வு கிடைத்ததே தெரியாது. ஆனால் அவர் மனைவி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

“உங்க பேரை நீங்க எப்படி வேணா மாத்திக்கோங்க. நான் முதல்ல வலிச்சுப் பெத்தது இபிதுனைத்தான். என்னை யாராவது இயா லேகான்னு கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன்.”

ஆக ஒரே அறையில் பாபா லேகானும் இயா இபிதுனும் குடித்தனம் நடத்தினார்கள். புதிதாக வந்த தபால்காரர் அங்கே இரண்டு குடும்பம் இருப்பதாக நினைத்து, இடம் எப்படிப் போதுகிறது என்று என்னிடம் கவலையோடு விசாரித்தார். அறையில் இருந்த டெலிவிஷன் பெட்டியை அவர் சுவரைப் பார்க்கத் திருப்பி, மேலே ஒரு துணியையும் போர்த்திவிட்டார். தண்டனை பெட்டிக்கும்தான்.

இப்படியே மகள் முகம் பார்க்காமல் ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. ஒரு நாள் காலையில் இயா இபிதுன் என் கடலைச் சட்டி பக்கத்தில் வந்து குந்தினாள்.

“இயா லான்ரே, ஒரு விஷயம். யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது.”

“நான் யாருகிட்டம்மா சொல்லப்போறேன்?”

“சனிக்கிழமை சாயங்காலம் நம்ம பாஷைச் செய்தியை இபிதுன்தான் வாசிக்கிறாளாம். வழக்கமா வாசிக்கிறவங்களுக்கு உடம்பு சரியில்லையாம். நல்லா வந்தா நிரந்தரமாக்குவாங்களாம், இல்லேன்னா இதோட சரியாம். நேர்ல பாக்கத்தான் அவர் விடலை. பெட்டிக்குள்ளயாவது என் பொண்ணு முகத்தைப் பாத்துக்கறேன்.”

மதியத்துக்குள் தெருக்கோடி சலவைக்காரருக்கு விஷயம் தெரிந்திருந்தது. எங்கள் தெருவில் காற்று அப்படி வீசும்.

சாயங்காலம் வேலையிலிருந்து வந்த பாபா லேகானிடம் நானே மெதுவாகப் போட்டுப் பார்த்தேன்.

“சனிக்கிழமை செய்தி கேக்கற மாதிரி உத்தேசம் உண்டா பாபா?”

அவர் ஒரு கடலையைப் பிளந்தார். “செய்தி ரேடியோவுல வருது. மூஞ்சியைப் பாத்துக் கேக்கறதுக்கு அதென்ன கல்யாணச் சேதியா?”

“அதுக்கில்ல, யாரு வாசிக்கிறாங்கன்னு...”

“யாரு வாசிச்சா எனக்கென்ன? கடலை நசநசங்குது. இரண்டாம் தரம்.”

வியாழக்கிழமை போன கரண்டு சனிக்கிழமை பிற்பகல்தான் வந்தது. வந்த வேகத்தில் வழக்கம்போல் ஃபியூஸும் போனது. எங்கள் வீட்டு ஃபியூஸுக்குப் பொறுப்பு சுமோனு. லாரி ஓட்டுபவன், வாயும் லாரி மாதிரிதான். அவன் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தான். கம்பி தீர்ந்துவிட்டது. கடைக்காரர் ஊருக்குப் போயிருந்தார். கடைசியில் ஒரு பழைய ஒயரைக் கடித்து உரித்து, உள்ளே இருந்த மெல்லிய இழை ஒன்றை உருவிக் கட்டையில் சுற்றினான்.

“எல்லாரும் கேட்டுக்கோங்க,” என்று நடையில் நின்று கத்தினான். “இது ஒத்தை இழை. என் ரூம்ல இருக்கற டிவியைத் தாங்கும். அதுக்கு மேல ஒரு கொசு உக்காந்தாலும் போயிடும். இது போச்சுன்னா மாட்டறதுக்கு என் மீசை மயிர்தான் பாக்கி. செய்தி முடியற வரைக்கும் எல்லாத்தையும் அணைங்க!”

“ஃபேனுமா?” என்று ஒரு குரல்.

“ஃபேனும்தான்! வேர்த்தா செத்துடுவியா?”

அணைத்துவிட்டார்களா என்று பார்க்கிற பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். யாரும் கொடுக்கவில்லை, ஆனாலும் யாராவது செய்ய வேண்டுமே. ஒவ்வோர் அறையாக நுழைந்தேன். கட்டிலுக்கு அடியிலும் பார்த்தேன். அங்கே மின்சாரச் சாமான் என்ன இருக்கும் என்று ஒருத்தி கேட்டாள். பார்த்தால்தானே தெரியும்? அந்த வெக்கையில் ஐஸ் பெட்டி அணைந்தது, ரேடியோ அணைந்தது, ஃபேன் ஸ்விட்சுகள் ஒவ்வொன்றாக அணைந்தன. குழந்தைகளுக்கு அட்டையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. இபிதுனை எல்லோரும் இடுப்பில் தூக்கி வைத்து வளர்த்தவர்கள்தானே.

நடுவறைக் கதவு மட்டும் உள்ளே தாழ் போட்டிருந்தது. தட்டினேன்.

“யாரு?”

“இயா லான்ரே. எல்லாம் அணைச்சாச்சா பாபா லேகான்?”

“இங்க என்ன இருக்கு அணைக்க? படுத்திருக்கேன்.”

“அந்த இஸ்திரிப் பெட்டி...”

எங்கள் வீட்டில் மற்றவர்கள் எல்லாம் கரி போட்டுத் தேய்க்கிறவர்கள். மின்சார இஸ்திரிப் பெட்டி வைத்திருந்தவர் அவர் ஒருத்தர்தான். லாகோஸில் வாங்கியது, அம்மிக்கல் கனம். அதைச் செருகினால் நடைவிளக்கு கண்ணைச் சுருக்கும்.

“தூங்கற மனுஷன் எதுக்கும்மா இஸ்திரி போடப்போறேன்? போங்க, போய் உங்க சினிமாவைப் பாருங்க.”

படுத்திருந்தவர் குரல் கதவுக்குப் பக்கத்திலிருந்து வந்தது. அதை அப்போதே கவனித்தேன். ஆனால் செய்திக்கு நேரமாகிவிட்டது.

சுமோனு ஃபியூஸ் கட்டையைச் செருகிவிட்டு, தன் அறையில் இடம் போதாமல் பெட்டியைக் கதவுப்பக்கம் நகர்த்தி வைத்திருந்தான். வீடு மொத்தமும் நடையில் குவிந்திருந்தது. இயா இபிதுன் முன்வரிசையில், மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு, மகளுக்கு அங்கே தொண்டை வறண்டால் இங்கே தண்ணீர் கொடுக்கலாம் என்பதுபோல் ஒரு சொம்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேள ஒலி முடிந்தது. திரையில் தலைக்கட்டோடு ஒரு முகம் வந்தது.

“இபிதுன்!” என்று நடை முழுவதும் ஒரே கத்தல்.

“சும்மா இருங்க, அவ பேசட்டும்!” என்று இயா இபிதுன் எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தினாள்.

திரையில் இபிதுன் வணக்கம் சொல்ல வாய் திறந்தாள். அப்போது படம் நாலு பக்கமும் சுருங்கியது. இபிதுனின் முகம் ஒரு தீப்பெட்டி அளவுக்குக் குறுகியது. சுமோனு, “யாருடா அது, யாருடா அது!” என்று எழுந்தான். ‘டப்’.

இருட்டிவிடவில்லை, ஆனால் வெளிச்சமும் இல்லை. எதிர்ச்சாரியில் எல்லா ஜன்னல்களும் எரிந்துகொண்டிருந்தன. ஆக, ஓணான் இல்லை, மாமரம் இல்லை, அணையும் இல்லை. குற்றவாளி எங்களுக்குள்தான். நான் மூக்கைத் தூக்கினேன். என் மூக்கைப் பற்றிப் பலர் பலவிதமாகப் பேசியிருக்கிறார்கள். அன்றைக்கு அதுதான் வேலை செய்தது. கஞ்சியும் துணியும் சேர்ந்து கருகுகிற வாசனை. அதைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். வீடே என் பின்னால் நடந்தது. நடுவறைக் கதவில் போய் நின்றோம்.

“பாபா லேகான், கதவைத் திறங்க,” என்றான் சுமோனு.

கதவு திறந்தது. அவர் தன் பெரிய அங்கியைப் போட்டுக்கொண்டு நின்றார். பெருநாள்களுக்கு மட்டும் வெளியே வருகிற நீல அக்பாதா. அதன் வலது கை விறைப்பாக, மடிப்புக் கலையாமல், கத்திபோல் நின்றது. இடது கை பெட்டியில் வருஷக்கணக்காக மடங்கிக் கிடந்த சுருக்கங்களோடு தொங்கியது. அதில் இஸ்திரிப் பெட்டியின் மூக்கு அளவுக்கு ஒரு கருகல். கதவுக்கு ஆள் வந்த அவசரத்தில் அப்படியே எடுத்து மாட்டிக்கொண்டிருக்கிறார். அவருக்குப் பின்னால் டெலிவிஷன் பெட்டியிலிருந்து துணி எடுக்கப்பட்டிருந்தது. சுவரைப் பார்த்திருந்த பெட்டி அறையைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அதற்கு நேரெதிரே ஒரு நாற்காலி.

பின்னால் நின்றவர்கள் என் தோள்மேல் எட்டிப் பார்த்தார்கள்.

இயா இபிதுன்தான் கேட்டாள். “எங்க கிளம்பிட்டீங்க?”

“எங்கயும் இல்ல.”

“அப்ப இது எதுக்கு?”

அவர் இடது கையை வலது கையால் மறைத்துக்கொண்டார். “டிவி போடறதுக்கு முன்னால ஒரு கையைத் தேச்சேன், தாங்கிச்சு. இன்னொண்ணையும் தாங்கும்னு...” என்று இழுத்தார். பிறகு கோபம் வந்தவர்போல் குரலை உயர்த்தினார். “அவ இத்தனை நாள் கழிச்சு நம்ம ரூமுக்குள்ள வர்றா. நான் கசங்கின துணியோட உக்காந்திருக்கறதா?”

“இப்ப வந்தவ போயிட்டா,” என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. சொம்புத் தண்ணீரைத் தானே குடித்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். “எம் பொண்ணு வாயைத் திறந்தா. என்ன சொன்னாள்னுகூடக் கேக்கலை.”

சுமோனு நிஜமாகவே தன் மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். எதிர்ச்சாரியிலிருந்து செய்தியின் குரல் காற்றில் துண்டு துண்டாக வந்தது. அது இபிதுனின் குரல். வந்தது அல்ஹாஜா சினோட்டாவின் வீட்டிலிருந்து.

இங்கேதான் சிக்கல். அல்ஹாஜா சினோட்டா லேஸ் துணி வியாபாரி, மெக்கா போய் வந்தவர், ஊரில் பாதிப் பேருக்குக் கல்யாணத் துணி எடுத்துக் கொடுத்தவர். அவருடைய காலஞ்சென்ற கணவர் ஒரு வருஷம் கொண்டுவந்த கோகோ மூட்டைகளை, பூசணம் என்று மொத்தமாகத் திருப்பி அனுப்பியவர் எங்கள் பாபா லேகான். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்தது தெரு இல்லை, நைஜர் நதி. தன் குடும்பத்தில் யாரும் அந்தப் படி ஏறக் கூடாது என்று பாபா லேகான் போட்ட உத்தரவு வேறு இருந்தது. உத்தரவு போடுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

அவர் மனைவியைப் பார்த்தார். எதிர் ஜன்னலைப் பார்த்தார். பிறகு செருப்புகூடப் போடாமல், ஒரு கை விறைப்பும் ஒரு கை கசங்கலுமாகத் தெருவில் இறங்கினார்.

“எழுந்திரு,” என்றார் திரும்பிப் பார்க்காமல். “செய்தி இன்னும் முடியலை.”

இயா இபிதுன் எழுந்து ஓடினாள். அவள் பின்னால் சுமோனு, அவன் பின்னால் நாங்கள் எல்லோரும். கடலைச் சட்டியை நான் அப்படியே விட்டுவிட்டுப் போனேன். என் வாழ்க்கையில் அது ஒரு தடவைதான் நடந்தது.

அல்ஹாஜா கதவைத் திறந்தார். வாசல் நிறைய ஆள். நடுவில் நீல அங்கி. கண்ணை மேலிருந்து கீழ்வரை ஓட்டினார். கருகின கையில் கண் கொஞ்சம் நின்றது.

“அடேயப்பா! கோகோ ஐயாவா? என்ன, என் வீட்டைப் பிளந்து பாத்துப் பூசணம் இருக்கான்னு சொல்ல வந்தீங்களா?”

“இல்ல அல்ஹாஜா. எங்க வீட்ல ஃபியூஸ் போயிடுச்சு. செய்தி பாக்கணும்.”

“செய்தியா? உள்ள யாரோ இபிதுன்னு ஒரு பொண்ணு வாசிச்சிட்டிருக்கா. நீங்க பாபா லேகான்தானே? லேகானோட அப்பாவுக்கு இவகிட்ட என்ன ஜோலி?”

எனக்குப் பின்னால் யாரோ சிரிக்கப் பார்த்தார்கள். சுமோனு அந்த ஆளின் காலை மிதித்தான். உள்ளேயிருந்து இபிதுனின் குரல் தெளிவாக வந்துகொண்டிருந்தது. சந்தை விலைகளுக்கு வந்துவிட்டாள். அதற்கப்புறம் அதிகம் மிச்சமிருக்காது. இயா இபிதுன் கணவரின் கசங்கின கையைப் பிடித்துக்கொண்டாள், ஆனால் அவருக்காக அவள் பேசவில்லை.

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“பாபா இபிதுன் வந்திருக்கேன் அல்ஹாஜா,” என்றார். “வழி விடுங்க.”

அல்ஹாஜா உடனே வழி விட்டார். பெரிய மனசுக்காரர்தான், ஆனால் அந்த ஒரு வார்த்தை கேட்காமல் விட்டிருக்க மாட்டார். உட்கார நல்ல நாற்காலியும் போட்டார். பாபா இபிதுன் உட்காரவில்லை. பெட்டிக்கு எதிரே, கோகோ மூட்டையின் முன்னால் நிற்கிறவர்போல, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். இயா இபிதுன் அழுதுகொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே, “இளைச்சுட்டா பாருங்க, இளைச்சுட்டா பாருங்க” என்று என் முழங்கையைக் கிள்ளினாள்.

மிச்சமிருந்தது கடைசி அறிவிப்பு ஒன்றுதான். மின்கம்பிகளில் உரசும் மரக்கிளைகளை வெட்டும் பணிக்காக நாளை காலை முதல் சில பகுதிகளில் மின்சாரம் இருக்காது என்று சொல்லி, இபிதுன் பகுதிகளின் பெயர்களை வாசித்தாள். எங்கள் தெருவின் பெயர் வந்தபோது அவள் உதட்டோரம் இலேசாக அசைந்தது. சுவரோரம் ஒட்டிக்கொண்டிருந்த எல்லோரும் வெடித்துச் சிரித்தார்கள். அல்ஹாஜா சிரித்ததில் அவருடைய வளையல்கள் குலுங்கின.

“நம்ம வீட்டுக்கு நம்ம பொண்ணே கரண்டை நிறுத்திட்டா!” என்றான் சுமோனு.

பாபா இபிதுன் மட்டும் சிரிக்கவில்லை. திரை மறைந்து பாட்டு வந்த பிறகும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒரு இடத்துலயும் தடுக்கலை,” என்றார் யாரிடமும் இல்லாமல். பிறகு, “முதல் தரம்.”

“பூசணம்?” என்று கேட்டார் அல்ஹாஜா.

“கிடையாது,” என்றார். அல்ஹாஜா கொண்டுவந்து கொடுத்த தண்ணீரை இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார்.

இபிதுன் நிரந்தரமானாள். அவளுடைய கல்யாணத்துக்கு அவர் போட்டதும் அந்த நீல அங்கிதான். கருகின இடத்தைத் தோளுக்கு மேல் மடித்துப் போட்டுக்கொள்வார். யாராவது கவனித்தால் மடிப்பைப் பிரித்துக் காட்டிக் கதையையும் சொல்வார். நான் சொல்வதைவிட நீளமாகச் சொல்வார். இப்போது அவர் இல்லை. இயா இபிதுன் மகளோடு லாகோஸில் இருக்கிறாள். இன்வெர்ட்டரும் மற்றதும் உள்ள வீடு. போனில் பேசும்போது, “இங்க கரண்டே போறதில்லை இயா லான்ரே, பக்கத்து வீட்ல யாரு இருக்காங்கன்னே தெரியலை” என்று குறைப்பட்டுக்கொள்கிறாள்.

எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலைதான் அடிக்கடி ஞாபகம் வருகிறது. இபிதுன் சொன்னபடியே, சொன்ன நேரத்துக்குக் கரண்டு நின்றது. மின்சாரக்காரர்கள் வாக்குத் தவறாமல் நடந்ததை நான் பார்த்தது அன்றுதான். எல்லோரும் பாய்களோடு வாசலுக்கு வந்துவிட்டார்கள். அவர் பல் குச்சியை மென்றுகொண்டு என்னைத் தாண்டிப் போனார். ராத்திரிப் பேச்சு விடிந்த பிறகும் நிற்கிறதா என்று பார்க்க வேண்டாமா?

“காலை வணக்கம், பாபா லேகான்!” என்றேன்.

அவர் திரும்பவில்லை. காது கேட்காதவர்போல் மாமரத்தடிவரை போய்விட்டார். அங்கே கிளை வெட்டுகிறவர்களை அண்ணாந்து பார்த்து, எந்தக் கிளையை வெட்ட வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லத் தொடங்கியிருந்தார்.

“பாபா இபிதுன்!”

“என்னம்மா?” என்று உடனே திரும்பினார். “கடலை வெந்துடுச்சா?”